பதினோரு தடைகளும் ஒரு லட்சம் நூல்களும்

சிவகங்கை மாவட்டத்தில் எந்தப் புத்தகத் திருவிழா மேடைக்குப் போனாலும் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் கதையைக் கேட்கலாம். நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்ட ஒவ்வொரு முறையும் கைதட்டியிருக்கிறேன். கைதட்ட வேண்டிய கதைதான். ஆனால் மேடையில் சொல்கிறவர்கள் அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாதி எங்கள் தேவகோட்டைப் பக்கத்துச் சேரிகளில் கிடக்கிறது. அதை எடுத்து வைப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் பாதியை முதலில் பார்ப்போம். கோட்டையூர் காரைக்குடியை ஒட்டிய ஊர். முத்தையா அங்கே விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்து அரண்மனை கட்டிய பெருந்தனக்காரர் அல்ல. தொழில் பழகச் சென்னைக்குப் போனவர், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் நூல் வாங்கத் தொடங்கினார். பிறகு வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை. இலக்கணம், புராணம், மருத்துவம் என்று மட்டும் அவர் சேர்க்கவில்லை. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை, கடிதம் என்று பண்டிதர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தார். தமிழில் அச்சான எதுவும் அவருக்குக் குப்பையாகத் தெரியவில்லை. 1992இல் அவர் இறந்தபோது கோட்டையூர் வீட்டில் சுமார் 1 லட்சம் நூல்களும் இதழ்களும் பிற அச்சுப் பொருள்களும் இருந்தன.

அதை விலை கொடுத்து வாங்கியது யார்? சிகாகோ பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியராக இருந்த ஏ. கே. ராமானுஜன் அந்தச் சேகரிப்பின் மதிப்பை அறிந்திருந்தார். 1994இல் பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும், நுண்படம் எடுத்துக்கொள்கிறோம் என்று முடிவு செய்தார்கள். சென்னை முகப்பேரில் தொடங்கி இன்று தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது அப்படித்தான். மேடைக்கு மேடை தமிழுக்கு உயிரைக் கொடுப்போம் என்று முழங்கிய மாநிலத்தில், தமிழ்ப் புத்தகத்துக்குப் பணம் கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. மேடைகளில் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பிறகு ‘செட்டிநாட்டின் அறிவுக் கொடை’ என்று சொல்லி மாலை போட்டு முடித்துவிடுவார்கள்.

அந்த மாலை விழுந்த இடத்திலிருந்துதான் நான் பேச வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டத்தில் நடந்தது

கோட்டையூரிலிருந்து தேவகோட்டை பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவு. சிவகங்கை தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முன் இவையெல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில், நாட்டார்கள் எனப்பட்ட கள்ளர் சாதி ஆதிக்கவாதிகள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கமோ வெள்ளியோ அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, சட்டையோ பனியனோ போடக்கூடாது, கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண் பாண்டம் மட்டுமே புழங்க வேண்டும். பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. தானியம் அழிக்கப்பட்டது. ஆடு மாடுகள் கொள்ளை போயின.

அது போதவில்லை. 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. இம்முறை ஆதிதிராவிடர்களோடு தேவேந்திரகுல வேளாளர்களின் பெயரும் சேர்ந்தது. உடையும் நகையும் பற்றிய தடைகள் தொடர்ந்தன. பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக்கூடாது. தலையில் குடத்துக்கு அடியில் துணி வைக்கக்கூடாது, வைக்கோல்தான் வைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக்கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி விளைத்தாலும் அறுவடையில் கொள்ளை போகும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை பண்ணையில் வேலை, ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி. கல்யாணத்தில் மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றித்தான் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலின் நடுவில் இரண்டு வரிகள் இருக்கின்றன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பது நான்காவது. அந்தப் பிள்ளைகள் மிராசுதாரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது ஐந்தாவது.

தோழர்களே, ஆண்டைக் கவனியுங்கள். இது மனு காலத்துச் சங்கதி அல்ல, 1931. ‘குடிஅரசு’ வெளிவரத் தொடங்கி ஆறு ஆண்டு ஆகிவிட்டது. காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917இலேயே தொடங்கப்பட்டு, 1919இல் பாரதி வந்து போயாயிற்று. செட்டிநாட்டில் பத்திரிகைகள் நடந்துகொண்டிருந்தன. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரில் சிதம்பரத்தில் 1929இல் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. புத்தகமும் பத்திரிகையும் கல்லூரியும் இந்த மண்ணில் செழித்த அதே சில ஆண்டுகளில், இதே மண்ணில் ஒரு பகுதி மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்து தடை செய்யப்பட்டது.

முதல் பட்டியல் வந்த டிசம்பரில் ரெட்டைமலை சீனிவாசன் எங்கே இருந்தார் தெரியுமா? லண்டனில், அம்பேத்கரோடு முதல் வட்டமேசை மாநாட்டில். ஏகாதிபத்தியத்தின் தலைநகரில் தீண்டப்படாதார் சார்பாக ஒரு தமிழர் உரிமை கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் பிறந்த மொழி பேசும் மாவட்டத்தில் குடை பிடிக்கத் தடை. 1934இல் காந்தி தன் ‘ஹரிஜன்’ சுற்றுப்பயணத்தில் இந்தப் பக்கம் வந்தபோதும் தேவகோட்டை நாட்டார்களின் விவகாரம் தீர்ந்திருக்கவில்லை.

நான் எங்கே படித்தேன்

இந்தப் பதினோரு தடைகளை நான் பள்ளியில் படிக்கவில்லை. ஊரில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. ஆய்வு மாணவனான பிறகு, ஜே. எச். ஹட்டன் 1946இல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகத்தில் படித்தேன். ஹட்டன் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். தமிழ் வாயால் தமிழர்களுக்குப் போட்ட தடை, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாவது தடைக்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். குடத்துக்கு அடியில் வைக்கும் துணியைப் பற்றிய தடை அது. எங்கள் ஊரில் அதற்குச் சும்மாடு என்று பெயர். எங்கள் அப்பத்தா தண்ணீருக்குக் கிளம்பும்போது, வெளுத்த துண்டாகப் பார்த்து எடுத்து, உதறி, மடித்து, முறுக்கித் தலையில் வைப்பார். பழைய கந்தலை எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும். ஒரே ஒரு பித்தளைக் குடம் வைத்திருந்தார். பிளாஸ்டிக் குடம் வந்த பிறகும் அந்தக் கனத்தைத்தான் சுமந்தார். “இம்புட்டுக் கனத்தை ஏன் அப்பத்தா தூக்கிச் சுமக்குறே?” என்று கேட்டிருக்கிறேன். “எங்க ஆத்தா மண்பானையில எடுத்தா. நான் பித்தளையில எடுக்குறேன். ஒனக்கு என்னடா வந்துச்சு?” என்பார். வீம்பு பிடித்த கிழவி என்று சிரித்திருக்கிறேன்.

அப்பத்தா பிறந்தது அந்தத் தடைகள் போட்ட காலத்தை ஒட்டி. பள்ளிக்கூடம் போனதில்லை. மாடு மேய்த்தார். “படிச்சா மாட்டை யாரு மேய்க்கிறது” என்று தன் அய்யாவிடம் பண்ணைக்காரர் கேட்டதை எத்தனையோ முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஊர்ப் பேச்சு என்றுதான் நினைத்தேன். அது ஐந்தாவது தடை. ஒரு மாவட்டத்து மிராசுதார்கள் கூடித் தீர்மானம் செய்த ஆணை. கிழவியின் வீம்பு என்று நான் நினைத்தது அந்த ஆணைக்கு அவர் வாழ்நாள் முழுக்கத் தினமும் இரண்டு வேளை சொன்ன பதில்.

இது எந்த நூலகத்திலும் இல்லை. அப்பத்தா 2016இல் இறந்தார். கையில் போன் வைத்திருந்த பேரன், ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்யவில்லை.

அரிய நூல் எப்படி அரிதாகிறது

பல்கலைக்கழக நூலகங்களில் ‘அரிய நூல்கள் பிரிவு’ என்று பலகை தொங்கும். அரிது என்பது ஏதோ பழமையினால் தானாக வந்துசேரும் தகுதி போலப் பேசுகிறார்கள். ஒரு காகிதம் நூறு ஆண்டு பிழைக்க என்ன வேண்டும்? நனையாத கூரை, கரையான் ஏறாத அலமாரி, எரியாத சுவர் வேண்டும். பரம்பரையாக ஒரே வீட்டில் குடியிருக்கும் உறுதியும், எழுத்தை மதிப்போடு வாங்கிவைக்க ஒரு கையும் வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் இவையெல்லாம் இருந்தன. இரண்டாம் கட்டில் பெட்டகம் இருந்தது. ஓலைக் குடிசையில் எது இருந்தது? குடிசை எரியும்போது முதலில் எரிவது காகிதம். பட்டா எரியும், மனு எரியும், பிள்ளையின் சிலேட்டு வெடிக்கும். 1930இல் எரிந்த குடிசைகளில் எத்தனை தாள்கள் எரிந்தன என்று எந்த நூற்பட்டியலும் சொல்லாது.

ஆனாலும் எங்கள் மக்கள் எழுதாமலா இருந்தார்கள்? ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி ஏழாண்டு நடத்தினார். அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழ’னைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ‘தமிழன்’ என்று பெயர் மாற்றி, 1914இல் இறக்கும்வரை வாரந்தோறும் நடத்தினார். தலித் இதழ்களின் வரலாறு 1869இன் ‘சூரியோதயம்’ வரை போகிறது என்று ஜெ. பாலசுப்பிரமணியத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. எழுதினார்கள், அச்சிட்டார்கள், காசு போட்டு வாங்கினார்கள், கூடி உட்கார்ந்து வாசிக்கக் கேட்டார்கள்.

பிழைத்தது எவ்வளவு? ‘பறையன்’ இதழின் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. ‘தமிழன்’ பிழைத்ததற்குக் காரணம் எந்தப் பல்கலைக்கழகத்தின் அரிய நூல் பிரிவும் அல்ல. அன்பு பொன்னோவியம் போன்ற தலித் அறிவாளர்கள் தங்கள் வீட்டில் கட்டிக் காத்தார்கள். அந்தச் சேமிப்பிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகளை வெளியிட்டது. அயோத்திதாசர் இறந்து 85 ஆண்டு கழித்து! அந்த 85 ஆண்டுகளில் எத்தனை தமிழ்த்துறைகள், எத்தனை அரசுகள், எத்தனை மாநாடுகள்! தமிழ் அச்சு வரலாறு எழுதியவர்கள் ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவர்களைப் பாடப் புத்தகத்தில் வைத்தார்கள். சரி, வைக்க வேண்டியவர்கள்தான். தன் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்த்ததாக அயோத்திதாசர் எழுதியதை எந்தப் பாடப் புத்தகத்தில் வைத்தார்கள்? ஏற்க வேண்டாம், விவாதித்தார்களா? ஒரு பட்லரின் பெயர் சுவடி வரலாற்றில் வருவதே அவர்களுக்கு உறுத்தியது.

ஆக, அரிய நூல் என்பதில் இரண்டு வகை இருக்கிறது. பாதுகாத்ததால் அரிதாக மதிக்கப்படுவது ஒன்று. பாதுகாக்க விடாததால் அரிதாகிப்போனது இன்னொன்று. முதல் வகைக்குக் கண்ணாடி அலமாரியும் குளிர்சாதனமும் உண்டு. இரண்டாம் வகைக்கு ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை.

ஆய்வு மாணவனாக ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவுக்குப் போனேன். துறைத்தலைவர் கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். “எந்த ஊரு தம்பி?” தேவகோட்டை என்றேன். முகம் மலர்ந்தது. “தேவகோட்டையில எந்தப் பக்கம்?” ஊர்ப் பெயரைச் சொன்னேன். அந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாவி வேறொருவரிடம் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார். மூன்று வாரம் சாவி வரவில்லை. அதே கடிதத்தோடு வந்த சக மாணவருக்கு அன்றைக்கே சாவி வந்தது. கடைசியில் நானும் உள்ளே போனேன். பீரோவுக்குப் பீரோ கொடையாளர் பெயர் எழுதியிருந்தது. ஜமீன்தார், வக்கீல், ராவ் பகதூர். அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தபோது, அது நூலகமாகத் தெரியவில்லை. ஊர்த் தெருவாகத்தான் தெரிந்தது. அங்கேயும் எங்கள் தெரு இல்லை.

“எல்லாவற்றிலும் சாதியா?”

இந்த இடத்தில் வழக்கமான கேள்வி வரும். ஒரு தனிமனிதர் சோறு தண்ணி பார்க்காமல் புத்தகம் சேர்த்தார், அவரையும் சாதிக்குள் இழுக்க வேண்டுமா? நூலகத்துக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்?

ரோஜா முத்தையாவை நான் எங்கேயும் இழுக்கவில்லை. பண்டிதர்கள் எறிந்த நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் பொறுக்கி எடுத்தவர் அவர். எளிய மக்களின் அச்சு பிழைத்ததில் அவருக்குப் பங்குண்டு. தரமணி நூலகம் இல்லாமல் இன்றைய தலித் வரலாற்று ஆய்வும் திராவிட இயக்க ஆய்வும் பாதி நடந்திருக்காது. என் சண்டை அவரோடு அல்ல. அவருக்குப் போட வேண்டிய மாலையை ‘செட்டிநாட்டின்’ கழுத்தில் போடுகிறவர்களோடு. செட்டிநாடு என்று நீங்கள் சொல்வது யாரை? அரண்மனை வீடும் ஆத்தங்குடிக் கல்லும் கோழிக் குழம்பும் மட்டும்தானா? அந்த வீட்டுக்குக் கல் சுமந்தவர், அந்த வயலில் நான்கணாவுக்கு 11 மணி நேரம் நின்றவர், அந்தச் செட்டிநாட்டில் இல்லையா? ஒரு பிரதேசத்தின் அறிவுக் கொடையைக் கொண்டாடினால், அதே பிரதேசத்தின் அறிவுத் தடையையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைப்பதற்குப் பெயர் வரலாறு அல்ல, சுற்றுலா விளம்பரம்.

“நாட்டார்கள் செய்ததற்கு நகரத்தார் என்ன செய்வார்கள்?” என்றும் கேட்பார்கள். தடை போட்டவர் ஒருவர் என்பதால், அதே ஊரில் பள்ளியும் பதிப்பகமும் வைத்திருந்தவர்களுக்குக் கேள்வியே இல்லை என்றாகிவிடாது. பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு எழுத்து தடை என்ற ஊரில், அச்சகம் வைத்திருந்தவரின் மௌனமும் வரலாற்றில் பதிவாக வேண்டிய செய்திதான்.

இன்னொரு மேடையையும் சொல்லிவிடுகிறேன். நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் கீழடி இருக்கிறது. 2023இல் அருங்காட்சியகம் திறந்தோம். பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்தைக் காட்டி, அன்றைக்கே எளிய மக்களும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தார்கள் என்று நெஞ்சு நிமிர்த்துகிறோம். நானும் நிமிர்த்துகிறேன். ஆனால் அதே மாவட்டத்துப் பகுதியில், அந்தப் பானைக்கு 2000 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பார்த்து, உனக்குப் பானை மட்டும்தான், எழுத்து கிடையாது என்றது. கீழடிக்குப் பள்ளிப் பிள்ளைகளை பஸ் வைத்துக் கூட்டிப் போகிறோம். 1931ஐக் காட்ட எங்கே கூட்டிப் போவது? ஓர் அறை உண்டா, ஒரு பலகை உண்டா?

ஹார்லெம் தெருவிலிருந்து

உலகில் நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதைச் சட்டம் போட்டே தடுத்தார்கள். தென் கரோலினா 1740இலேயே தடுத்தது. 1830 வாக்கில் வட கரோலினா, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் தடையை இறுக்கின. நூறாண்டு கழித்து நம் மிராசுதார்கள் செய்ததும் அதேதான். அடிமைத்தனத்துக்கு எங்கேயும் முதல் எதிரி எழுத்து.

அந்தக் கறுப்பின மக்களிடமிருந்து ஆர்துரோ ஷோம்பர்க் என்று ஒருவர் வந்தார். 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கறுப்பர்களுக்கு வரலாறே இல்லை என்றவர்களுக்குப் பதில் சொல்ல, கறுப்பர்கள் எழுதியதையும் கறுப்பர்களைப் பற்றியதையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். ஒருவகையில் அவர்களின் ரோஜா முத்தையா. 1926இல் நியூயார்க் பொது நூலகம் கார்னெகி நிதியிலிருந்து 10,000 டாலர் பெற்று அதை வாங்கியது. வாங்கி எங்கே வைத்தது என்பதுதான் முக்கியம். பணக்காரத் தெருவின் பளிங்கு மாளிகையில் அல்ல, கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமில் 135ஆம் தெருக் கிளை நூலகத்தில். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் நடந்தே போய் உட்கார்ந்து படிக்கலாம். பின்னாளில் ஷோம்பர்க்கே அங்கே பொறுப்பாளராக இருந்தார்.

இன்னொரு முன்னோடி நம் மொழியிலேயே இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்து இளைஞர்கள் அழுதுவிட்டு உட்காரவில்லை. 2005இல் தன்னார்வலர்கள் சேர்ந்து ‘நூலகம்’ மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். கோயில் மலர், பள்ளி மலர், துண்டறிக்கை, ஊர் வரலாறு என்று கிடைத்ததையெல்லாம் ஒளிவருடி, யாரும் இலவசமாகப் படிக்க வைத்தார்கள். நாம் யாழ்ப்பாணத்துக்காக ஆண்டுதோறும் நினைவேந்துகிறோம். ஏந்த வேண்டும். எரித்த நூலகத்துக்கு அழத் தெரிந்த நமக்கு, உருவாகவே விடாமல் தடுத்த நூலகத்துக்கு அழத் தெரியவில்லை.

தேவகோட்டையில் ஓர் அறை

நான் கேட்பது ஒன்றும் மாளிகை அல்ல. தேவகோட்டை அரசுக் கிளை நூலகத்தில் ஓர் அறை. பணம் எங்கே என்று கேட்காதீர்கள். 1948இன் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரிடமும் நூலக வரி வாங்குகிறார்கள். சேரி வீட்டுக்காரரும் கட்டுகிறார். கட்டிய வரிக்கு அவர் வரலாற்றை வைக்க ஓர் அறை கேட்கிறோம், சலுகை அல்ல.

அந்த அறையில் என்ன இருக்க வேண்டும்? 1930, 31 தடைகள் பற்றிய அரசு ஆணைகள், காவல்துறை, வருவாய்த்துறை அறிக்கைகள், நம்மவர்கள் கொடுத்த மனுக்கள், அன்றைய பத்திரிகைச் செய்திகள். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் நூலகங்களிலும் தேடி எடுத்து, படியெடுத்து, தமிழில் தலைப்பிட்டு வைக்க வேண்டும்.

அதோடு நிற்கக் கூடாது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் உஞ்சனையில் 1979 ஜூனில் கோயில் திருவிழா உரிமைப் பிரச்சினையில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கண்டதேவி தேரின் வடத்தைத் தொடும் உரிமைக்கு எத்தனை ஆண்டுப் போராட்டம், எத்தனை வழக்கு. பல ஆண்டு முடங்கிக் கிடந்த தேர் 2024 ஜூனில் போலீஸ் காவலோடுதான் ஓடியது. இந்தப் போராட்டங்களின் துண்டறிக்கைகள், தீர்ப்பு நகல்கள், சுவரொட்டிகள், புகைப்படங்கள் எங்கே இருக்கின்றன? வயதான தோழர்களின் தகரப் பெட்டிகளில். தோழர் இறந்தால் பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போகிறது, கிலோ கணக்கில். 1931இல் தீ வைத்து அழித்தார்கள். 1979ஐ நாமே எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு கோரிக்கை. அரிய நூல் பிரிவைத் திறக்கக் கடிதம் கேட்பதை நிறுத்துங்கள். ஓர் அடையாள அட்டை போதும். தலித் இதழ்களில் உங்களிடம் ஒரே ஒரு பிரதி இருந்தாலும், அதை ஒளிவருடி இணையத்தில் இலவசமாகப் போடுங்கள். பூட்டி வைத்துப் பாதுகாத்தது போதும். எங்களுக்குப் பூட்டு புதிதல்ல.

கடைசியாக, இதைப் படிக்கும் இளைய தோழர்களுக்கு. அரசு அறை தரும்வரை காத்திருக்க வேண்டாம். கையில் போன் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உட்காருங்கள். எந்தக் குடத்தில் தண்ணீர் எடுத்தீர்கள், யார் பள்ளிக்கூடம் போனார்கள், யார் போக விடவில்லை, முதன்முதலில் யார் செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தார் என்று கேளுங்கள். பெயர், ஊர், தேதி சொல்லிப் பதிவு செய்யுங்கள். தகரப் பெட்டியில் இருப்பதைப் படம் எடுங்கள். ஆனால் தாளை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிகாகோக்காரர்களே நூலைத் தமிழ்நாட்டில் விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துப் போனார்கள். நமக்கு அந்த நாணயம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

அடுத்த விடுமுறையில் நான் அப்பத்தாவின் தங்கை ஒருவரைப் பார்க்கப் போகிறேன். தொண்ணூறைத் தாண்டிவிட்டார். காது மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது என்று அத்தை போனில் சொன்னார். பித்தளைக் குடத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். உங்கள் வீட்டில் அப்பத்தா உயிரோடு இருந்தால், விடுமுறைவரை காத்திருக்காதீர்கள்.